தருமபுரியில் ஒரு நாள்: குழுவாக வரலாறு பார்க்க வருவோருக்கு

தருமபுரிக்குக் குழுவாக வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் ஏதோ ஒரு கோயிலில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு நேரே ஒகேனக்கலுக்குப் போய்விடுகிறார்கள். அருவிக்கு ஒரு நாள் வேண்டும், தகடூருக்கு (தருமபுரியின் பழைய பெயர்) ஒரு நாள் வேண்டும். இரண்டையும் ஒரே பகலில் திணித்தால் வெயிலேறும் நேரத்தில் பென்னாகரம் சாலையில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பீர்கள், அருங்காட்சியகம் நிரலிலிருந்து விழுந்துவிடும். ஆகவே முதல் முடிவு இது: ஒகேனக்கலை எடுத்துவிடுங்கள். இந்த வழிகாட்டி இருபது முதல் முப்பது பேர் வரையுள்ள குழுவுக்கானது. பள்ளி, கல்லூரி, அலுவலகம், குடியிருப்போர் சங்கம், பெரிய குடும்பம் எதுவானாலும் பொருந்தும்.

நகருக்குள்ளும் சுற்றிலும் பார்க்கப்போகிறவை நான்கு: கோட்டை மல்லிகார்ஜுனேசுவரர் கோயில், நடுகற்கள் (இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்கள்) உள்ள அகழ்வைப்பகம் என்ற தொல்லியல் அருங்காட்சியகம், பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம், அதியமான்கோட்டை. ஐந்தாவது இடத்தைச் சேர்க்கச் சொல்லி யாராவது கட்டாயம் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

நாள் குறிப்பது

பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் தவறான நாளைத் தேர்ந்தெடுப்பதால்தான். மாநில அரசின் அருங்காட்சியகங்கள் துறையின் கீழ் உள்ளவற்றுக்கு வெள்ளிக்கிழமையும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் விடுமுறை. அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஓய்வு கிடைப்பதும் அதே இரண்டாம் சனிதான் என்பதால், குழு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது வழக்கமாக நடக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகம் தொல்லியல் துறையைச் சேர்ந்தது, இரண்டாம் நாள் இருந்தால் பார்க்கக்கூடிய கிருஷ்ணகிரி அருங்காட்சியகம் அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது. ஒன்றின் விடுமுறையை வைத்து மற்றதை முடிவுசெய்யக் கூடாது. நாள் குறித்தவுடன் ஒரு முறையும், பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு மறுபடியும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். முப்பது பேர் வருகிறோம் என்று சொல்லிவைத்தால் உள்ளே விளக்க ஆள் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

கோயில்களுக்கு வேறு கணக்கு. தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் பல மாவட்டங்களிலிருந்து கூட்டம் வரும். சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வருகிறவர்களின் வண்டிகளால் அந்தச் சாலையே அடைத்துக்கொள்ளும். பிரதோஷ மாலையில் சிவன் கோயிலுக்குள் நின்று சிற்பம் பார்க்க முடியாது. முகூர்த்த நாட்களில் கோயில்களிலும் கல்யாணக் கூட்டம், உணவகங்களிலும் கூட்டம், வேன் வாடகையும் ஏறிவிடும். ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்களில் மாவட்டமே ஒகேனக்கல் பக்கம் திரும்பியிருக்கும். நாட்காட்டியைத் திறந்து இவை எல்லாவற்றையும் அடித்தால், முகூர்த்தமில்லாத ஒரு சனி, அல்லது அகழ்வைப்பகம் திறந்திருக்கும் என்று உறுதியான ஒரு ஞாயிறு மிஞ்சும். மாதமென்று பார்த்தால் மார்கழி, தை, மாசி நல்லவை. பங்குனி தொடங்கிவிட்டால் பதினொரு மணிக்கே கருங்கல் தளம் காலைச் சுடும்.

வண்டியும் பணமும்

சேலத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். இரண்டுமே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான். ரயிலில் வருவதானால் சேலம்–ஓசூர்–பெங்களூரு பாதையில் தருமபுரி நிலையம் இருக்கிறது. ஆனால் வண்டிகள் குறைவு, நேரமும் உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். குழுவுக்கு வேன்தான் சரி. முப்பது பேருக்கு ஒரே பெரிய பேருந்தைவிட இரண்டு சிறு வேன்கள் மேல். கோட்டைப் பகுதித் தெருக்களில் பெரிய பேருந்தைத் திருப்புவது பாடு, தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதாகும். முதியவர்கள் இருந்தால் அந்த நடையிலேயே அரை மணி போய்விடும்.

வாடகை பேசும்போது ஐந்து விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கிலோமீட்டருக்கு எவ்வளவு, குறைந்தபட்சக் கிலோமீட்டர் எத்தனை, கணக்கு வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பியது முதலா நீங்கள் ஏறிய இடம் முதலா, ஓட்டுநர் படி எவ்வளவு, சுங்கக் கட்டணமும் நிறுத்தக் கட்டணமும் யார் பொறுப்பு. மூன்றாவதைக் கேட்காமல் விட்டதால் கடைசியில் தகராறு வருவது சாதாரணம். கர்நாடகத்திலிருந்து வருகிற வண்டி என்றால் மாநில அனுமதிக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும்போது மொத்தச் செலவை வருகிறோம் என்று சொன்னவர்களின் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். முப்பது பேர் பெயர் கொடுத்தால் கடைசி நாளில் மூன்று, நான்கு பேர் கழன்றுகொள்வார்கள், வேன் வாடகையோ குறையாது. பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மீதிப் பேரால் வகுத்துப் பாதியை முன்பணமாக வாங்குங்கள். மிஞ்சினால் அன்றே மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். நுழைவுக் கட்டணங்கள் இங்கே பெரிய செலவே இல்லை, வண்டியும் சாப்பாடும்தான் செலவு.

யார் என்ன பார்த்துக்கொள்வது

ஒருவரே எல்லாம் பார்த்தால் அவர் எதையும் பார்க்கமாட்டார். குறைந்தது மூன்று பேர் வேண்டும். முன்னே போகிறவர் ஒருவர், பணமும் சீட்டும் வைத்திருப்பவர் ஒருவர், எப்போதும் கடைசியாக வருகிறவர் ஒருவர். இந்தக் கடைசி ஆள்தான் முக்கியம். செருப்பைத் தேடுகிறவர், கழிப்பறைக்குப் போனவர், போனில் பேசிக்கொண்டே பின்தங்கியவர் எல்லோரையும் அவர்தான் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். பொறுமைசாலியாகப் பார்த்துக் கொடுங்கள்.

மொத்தக் குழுவை ஐந்தைந்து அல்லது ஆறாறு பேராகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வண்டி கிளம்பும்போது முப்பது தலையை எண்ண வேண்டாம், ஐந்து பொறுப்பாளர்கள் “என் ஆட்கள் வந்தாச்சு” என்று சொன்னால் போதும். இந்தப் பிரிவு அகழ்வைப்பகத்திலும் உதவும், அதைப் பின்னால் சொல்கிறோம்.

கையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, சூடான தளத்தில் நடக்க ஒரு ஜோடி பருத்திச் சாக்ஸ், குழுவுக்கு நான்கைந்து சிறிய டார்ச் விளக்குகள், முதலுதவிப் பை, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஒரு பத்து. கோயிலுக்குள் போவதால் உடையைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள். கழிப்பறை பெண்களுக்குப் பெரிய கவலை, அதை யாரும் கேட்கும்வரை விடக் கூடாது. காலை உணவகம், மதிய உணவகம், மாலைத் தேநீர் மூன்றையும் சுத்தமான கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். சாப்பாட்டின் ருசி அதற்கு அடுத்ததுதான்.

நாளின் போக்கு

கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில் திறக்கும். அகழ்வைப்பகம் பத்து மணிவாக்கில் திறக்கும். இவ்விரண்டையும் வைத்துத்தான் வரிசையைப் போட வேண்டும். காலை ஏழு மணிக்குத் தருமபுரியில் சிற்றுண்டி. ஏழே முக்காலிலிருந்து ஒன்பதே முக்கால் வரை கோட்டைக் கோயில். பத்தே காலுக்கு அகழ்வைப்பகம், அங்கே இரண்டு மணி நேரம். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. கோயில்கள் மூடியிருக்கும் நேரத்தில் பாப்பாரப்பட்டி போய்த் திரும்பி, நாலே காலுக்கு அதியமான்கோட்டை. ஆறு மணிக்குள் முடித்துவிடலாம். அகழ்வைப்பகத்தை மாலைக்குத் தள்ளுகிறவர்கள் அது மூடப்போகும் கடைசி அரை மணியில் போய்ச் சேருகிறார்கள். அன்றைய நாளின் முக்கியமான இடமே அதுதான் என்பதால், அப்படி விட்டுவிடாதீர்கள்.

முதலில் கோட்டைக் கோயில்

மல்லிகார்ஜுனேசுவரரும் காமாட்சியம்மனும் குடிகொண்ட இந்தக் கோயில் 9ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட நுளம்பர்களின் கலைக்குச் சான்று. இன்றைய ஆந்திரத்திலுள்ள ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டிருந்தவர்கள் அவர்கள். தஞ்சைப் பக்கத்துக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்குள்ள தூண்களின் நுணுக்கம் புதிதாக இருக்கும். நுளம்பர் தூண்களைச் சோழர்கள் பெயர்த்துக்கொண்டு போய்த் திருவையாற்றில் வைத்தார்கள் என்பதிலிருந்தே அவற்றின் மதிப்பு விளங்கும்.

குழு உள்ளே நுழைந்தவுடன் எல்லோரும் தொங்கும் தூணுக்குத்தான் ஓடுவார்கள். அடிப்பகுதி தரையைத் தொடாமல் நிற்கும் அந்தத் தூணின் கீழே துணியையோ தாளையோ நுழைத்து இழுப்பது வழக்கமாகிவிட்டது. ஆளுக்கு ஒரு நிமிடமென்றாலும் முப்பது நிமிடம் அங்கேயே கரையும். ஒருவர் செய்து காட்ட மற்றவர்கள் பார்த்தால் போதும். நாணயம், கம்பி, சாவி எதையும் செருகக் கூடாது, கல்லின் விளிம்பு உதிரும். தரையைத் தொடாத தூண் கீழ்நோக்கிப் பாரத்தைக் கடத்த முடியாது, மேற்கூரையின் எடையைச் சுற்றிலுமுள்ள தூண்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. குழந்தைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள், மாயம் என்று சொல்லி அனுப்ப வேண்டாம்.

நேரம் கொடுக்க வேண்டியது அம்மன் சன்னதியின் அடித்தளத்துக்கு. சுற்றிலும் யானைகள் தாங்கி நிற்பதுபோன்ற அமைப்பும், உள்ளங்கை அகலத்தில் செதுக்கிய இராமாயணக் காட்சிகளும் அங்கே இருக்கின்றன. இவை மிகச் சிறியவை, நின்றபடி பார்த்தால் தெரியாது. குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலை எட்டு, எட்டரை மணிக்குச் சாய்ந்து விழும் வெயிலில் புடைப்புகளின் நிழல் நீண்டு உருவங்கள் எழும்பித் தெரியும். பத்து மணிக்குமேல் வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டால் அதே கல் தட்டையாகிவிடும். காலையில் இங்கே வரச் சொல்வதற்கு நடை சாத்துவது மட்டும் காரணமில்லை, இந்த வெளிச்சமும்தான். வெயில் படும் பக்கத்தில் தொடங்கி, வலம் வரும் போக்கில் ஐந்தைந்து பேராக நகருங்கள். நிழலில் இருக்கும் பக்கத்துக்கு டார்ச்சை நேரே பிடிக்காமல் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போலப் பிடித்தால் அதே பலன் கிடைக்கும்.

எண்ணெய்க் கையோடும் குங்குமக் கையோடும் சிற்பங்களைத் தொட வேண்டாம். பூசை நடக்கும்போது கூட்டமாக நின்று உரக்க விளக்கம் சொல்லவும் வேண்டாம். வழிபட வந்தவர்களுக்கு அது அவர்களுடைய கோயில். படம் எடுக்க அர்ச்சகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கருவறையை எந்நிலையிலும் எடுக்காதீர்கள்.

நடுகற்களுக்கு முன்னால்

பேருந்து நிலையத்திலிருந்து அதிக தூரமில்லாத இந்த அகழ்வைப்பகத்துக்குள் நுழைந்து, வரிசையாக நிற்கும் கற்களைப் பத்து நிமிடத்தில் சுற்றி வந்து “எல்லாம் ஒரே மாதிரி இருக்கு” என்று வெளியேறுகிற குழுக்கள் அதிகம். கற்களைக் குறை சொல்வதற்கில்லை. எப்படிப் பார்ப்பதென்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். இங்கே பார்ப்பதற்கு முன் பத்து நிமிடம் பேச வேண்டும், வண்டியிலேயே பேசிவிட்டால் இன்னும் நல்லது.

பேச வேண்டியது இதுதான். மாடுதான் செல்வம் என்றிருந்த காலத்தில் ஊர் மாட்டு மந்தையைக் கவர்ந்துபோவதும், போய் மீட்பதும்தான் சண்டை. அந்தச் சண்டையில் விழுந்தவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். கல்லைக் கண்டு தேர்ந்தெடுப்பதிலிருந்து நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் நிலைகளைச் சொல்கிறது. இந்த மண்ணில் எழுத்துள்ள நடுகற்கள் பல்லவர் காலத்திலிருந்து, சுமார் 6ஆம் நூற்றாண்டு முதல், கிடைக்கின்றன. பழையவற்றில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவம் இருக்கும், ஆகவே தமிழ் படித்தவர்களுக்கும் நேரடியாகப் படிக்க வராது. அதனால் மனம் தளர வேண்டாம்.

ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரே ஒரு கல்லைக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் அந்தக் கல்லை விட்டு நகரக் கூடாது. கையில் ஒரு தாள், அதில் ஐந்து கேள்விகள்:

வீரன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான், கால்கள் எப்படி ஊன்றியிருக்கின்றன? வலக்கையில் என்ன, இடக்கையில் என்ன? வில்லா, வாளா, கேடயமா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலடியிலோ பக்கத்திலோ சிறிதாக என்ன இருக்கிறது? மாடா, நாயா, புலியா, கிண்டியா (மூக்குள்ள சிறு கலம்)? எழுத்து இருக்கிறதா, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

பதில்களிலிருந்தே கதை வரும். மாடுகள் இருந்தால் ஆநிரைச் சண்டை. புலியை எதிர்த்துக் குத்துகிறவன் என்றால் ஊரையோ மந்தையையோ காக்கப் புலியோடு பொருது இறந்தவன், அதைப் புலிக்குத்திக் கல் என்பார்கள். பக்கத்தில் வளையணிந்த பெண், அல்லது உயர்த்திய ஒரு கை தனியாக இருந்தால் உடன்கட்டை ஏறியவளின் நினைவு. தன் கழுத்தில் தானே வாளை வைத்திருக்கிறவன் நவகண்டம் கொடுத்தவன், அதாவது தன்னையே பலி கொடுத்தவன். கல் மூன்று அடுக்காகப் பிரிந்து கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் அழைத்துச் செல்வது, மேலே இலிங்கம் என்றிருந்தால் அது பிற்காலத்துப் பாணி. எழுத்து பெரும்பாலும் தலைக்கு மேலே தொடங்கும், இடமில்லாவிட்டால் பக்கவாட்டில் இறங்கும். முதலில் மன்னன் பெயரும் ஆட்சியாண்டும், பிறகு யாருடைய ஆள், எந்தத் தொறுவை மீட்கும்போது பட்டான் என்று முடியும். தொறு என்பது மந்தை. கல்லுக்குப் பக்கத்தில் வாசகம் எழுதிய பலகை இருந்தால், கேள்விகளுக்கு விடை எழுதிய பிறகே அதைப் படிக்க வேண்டும்.

பதினைந்து நிமிடம் முடிந்ததும் ஒவ்வொரு குழுவும் தன் கல்லைப் பற்றி மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் சொல்லட்டும். இந்த முறையில் ஐந்தாறு கற்களைத்தான் பார்த்திருப்பீர்கள், ஆனால் அவை மறக்காது. அதற்குப்பின் மீதிக் கற்களை அவரவர் போக்கில் சுற்றிப் பார்க்க விடுங்கள். இப்போது தாங்களாகவே நின்று நின்று பார்ப்பார்கள்.

எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியையோ மாவையோ தேய்ப்பது பெரிய கேடு. துளைகளில் ஏறிய துகள் ஈரத்தை இழுத்து மேற்பரப்பை உதிரவைத்துவிடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாலே எழுத்து தெரியும். அதற்கும் பணியாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இங்கிருந்து கிளம்புமுன் புறநானூற்றின் 232ஆம் பாட்டைப் பற்றி ஒருவர் சொல்ல வேண்டும். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடியது. மலையோடு சேர்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இன்று நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் ஊற்றும் கள்ளை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறார் அவர். நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும், இந்தப் பாட்டைத் தெரிந்தவர்கள் குறைவு. அதியமானின் ஊரில், நடுகற்களுக்கு நடுவில் நின்று கேட்டால் அதன் கனம் புரியும். அடுத்து மாலையில் போகப்போவது அவன் பெயர் தாங்கிய ஊருக்கு.

தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த, வழியின் தூரத்தைக் காட்டும் அதியமான் பெருவழிக் கல்லைப் பற்றியும் சொல்லிவையுங்கள். நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (பழைய தூர அளவு) என்று எழுதி, எழுத்துத் தெரியாத வழிப்போக்கனுக்காக அதே எண்ணைக் குழிகளாலும் காட்டியிருக்கிறார்கள். பத்துக்குப் பெரிய குழி, ஒன்றுக்குச் சிறிய குழி. சிறுவர்கள் இருந்தால் எத்தனை பெரியது, எத்தனை சிறியது இருக்க வேண்டுமென்று கேட்டுப் பாருங்கள்.

சாப்பாடு

முப்பது பேர் திடீரென்று நுழைந்தால் எந்த உணவகமும் திணறும். முதல் நாளே எண்ணிக்கை சொல்லிப் பன்னிரண்டரைக்கு இடம் பிடித்துவையுங்கள். ஒரு மணிக்குமேல் போனால் உள்ளூர்க் கூட்டத்தோடு காத்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்துச் சாப்பாடு வேண்டுமென்றால் ராகிக் களியும் கீரைக் கடைசலும், அசைவம் உண்போருக்குக் கருவாட்டுக் குழம்பும் சொல்லிவைத்துச் செய்யச் சொல்லலாம். பழக்கமில்லாதவர்களுக்குப் பாதி உருண்டை போதும். களியை மெல்லக் கூடாது, மென்றால் பல்லில் ஒட்டும். விரலால் கிள்ளிக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். முழு உருண்டை சாப்பிட்டவர்கள் பாப்பாரப்பட்டி வரும்வரை தூங்குவார்கள்.

மதியம் பாப்பாரப்பட்டி

தருமபுரியிலிருந்து அரை மணி நேரப் பயணம். விடுதலைப் போராட்டக்காரர் சுப்பிரமணிய சிவா வாழ்வின் கடைசிக் காலத்தைக் கழித்து, 1925 ஜூலை 23 அன்று மறைந்த ஊர் இது. 1908இல் வ.உ.சி.யோடு கைதானவர். சிறையில் தொழுநோய் பற்றிக்கொள்ள, அந்த நோயோடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தொழுநோயாளி என்று ரயிலில் ஏறத் தடைவந்தபின் நடந்தே போனார். பாரத மாதாவுக்கு இங்கே ஒரு கோயில் எழுப்ப வேண்டுமென்ற அவருடைய எண்ணத்துக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். சிவா இருந்தவரை அது முடியவில்லை. இப்போது அவருடைய நினைவிடத்தோடு பாரத மாதா நினைவாலயமும் இருக்கிறது. முக்கால் மணி நேரம் போதும். மூன்றே காலுக்குள் வண்டி ஏறிவிடுங்கள். வெயில் கடுமையாக இருந்தாலோ முதியவர்கள் களைத்திருந்தாலோ விட்டுவிடக்கூடிய ஒரே இடம் இதுதான். அப்போது உணவகத்திலேயே கூடுதலாக ஒரு மணி நேரம் ஓய்வு எடுங்கள்.

அதியமான்கோட்டை

தருமபுரிக்குத் தெற்கே சேலம் போகும் வழியில் உள்ளது. முதலில் அதியமான் கோட்டம், அதியமானுக்கும் ஔவையாருக்கும் எடுத்த நினைவிடம். அங்கே இருபது நிமிடம். உட்கார இடம் கிடைத்தால் தகடூரின் முடிவை இங்கே சொல்லலாம்: சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்துத் தகடூரை அழித்தான், அவனைத்தான் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடுகிறார்.

பிறகு சென்றாயப் பெருமாள் கோயில். இதன் மண்டபக் கூரையில் இராமாயண, பாரதக் காட்சிகள் வண்ண ஓவியங்களாக இருக்கின்றன. சிறிய ஊர்க் கோயில் என்பதால், நான்கு மணிக்குக் கதவு திறந்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. முதல் நாளே அர்ச்சகரிடம் நேரம் சொல்லிவைக்க வேண்டும். உள்ளே வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் போடக் கூடாது, திரும்பத் திரும்ப விழும் கடும் ஒளி பழைய நிறங்களை வெளுக்கவைக்கும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள், பிறகு கோடுகள் தாமாகத் தெரியத் தொடங்கும். அண்ணாந்தே பார்த்தால் கழுத்து வலிக்கும், தூணில் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ஓவியத்தின் கீழ் கற்பூரம் ஏற்ற வேண்டாம், புகைப்படலம் ஏற்கெனவே நிறையச் சேதம் செய்துவிட்டது.

விரும்புகிறவர்கள் காலபைரவரைத் தரிசிக்கட்டும், மற்றவர்கள் தேநீர் குடிக்கட்டும். ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் வண்டியில்.

சேலம் பக்கம் திரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொப்பூர் கணவாய் சேலத்தை நோக்கி நீண்ட இறக்கம். பெரும் விபத்துகள் அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகிப் பிடிமானம் போய்விடும். சுமை லாரிகளுக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான். உங்கள் ஓட்டுநர் குறைந்த கியரில் இறங்கட்டும், லாரிகளின் பின்னால் ஒட்டிப் போக வேண்டாம். விடிகாலையிலிருந்து விழித்திருக்கும் ஓட்டுநருக்கு அதியமான்கோட்டையிலேயே அரை மணி ஓய்வு கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொரு நாள் இருந்தால் கிருஷ்ணகிரி

தருமபுரியில் இரவு தங்குகிறவர்கள் மறுநாளைக் கிருஷ்ணகிரிக்கு வைக்கலாம். ஒரே நாளில் இரண்டு ஊரும் வேண்டாம். 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்தவைதாம், ஆனால் கோட்டை மலை ஏறுவதற்கே ஒரு காலைப்பொழுது தேவை.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டை பாராமகால் (இந்த வட்டாரத்தின் பழைய பெயர்) கோட்டைகளில் வலியது. 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை ஏறிப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது, அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாராமகால் அவர்கள் கைக்குப் போனது. ஏறினால் அந்தத் தோல்வியின் காரணம் காலுக்கே தெரியும், அத்தனை செங்குத்து. காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும், ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். வழுக்காத காலணி கட்டாயம். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், அன்று ஏறாதீர்கள். மேலே கடை எதுவும் கிடையாது, குடிநீரைச் சுமந்துதான் போக வேண்டும். குரங்குகள் பையைப் பிடுங்கும் என்பதால் தின்பண்டத்தைக் கையில் காட்டக் கூடாது. பாறை இடுக்குகளில் தேன்கூடு கண்டால் சத்தமில்லாமல் விலகிப் போங்கள், அங்கே புகைபிடிப்பதோ வாசனைத் திரவியம் அடிப்பதோ ஆபத்து. மலைமேல் தர்கா இருக்கிறது, மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள். முட்டிவலி உள்ளவர்களும் இதய நோயாளிகளும் கீழேயே இருக்கட்டும், அவர்களோடு ஒருவரை நிறுத்திவையுங்கள்.

இறங்கிச் சிற்றுண்டி முடித்து, 1993இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தால் ஒரு மணி நேரம். பிற்பகலில் காவேரிப்பட்டணம் அருகே தென்பெண்ணைக் கரையிலுள்ள பெண்ணேஸ்வரமடம் போய்க் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். முதல் நாள் நடுகல் பார்க்கப் பழகியவர்களுக்கு அது இன்னும் சுவைக்கும். திரும்பும் வழியில் கே.ஆர்.பி. எனப்படும் கிருஷ்ணகிரி அணை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையை நிரலில் சேர்க்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அங்கே கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022இல் அரசு அறிவித்ததிலிருந்து ஆர்வம் கூடியிருக்கிறது. ஆனால் அகழாய்வுக் குழிகள் பதிவு முடிந்ததும் மூடப்படுவது வழக்கம். காட்சிக்கூடத்தை எதிர்பார்த்து முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனால் பாறையையும் புதரையும்தான் காட்ட முடியும். மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகள் (பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச் சின்னங்கள்) அப்படியல்ல, பாறைமேல் நேரே நின்று பார்க்கலாம். அதற்கு உள்ளூர் ஆள் ஒருவர் வழிகாட்ட வேண்டும், பத்துப் பேருக்கு மிகாமல், சிறு வண்டியில், தனியாக ஒரு காலைப்பொழுது ஒதுக்கிப் போங்கள்.